முடிக்குரிய காணி

சுற்றறிக்கை வியாழக்கிழமைத் தபாலில் வந்தது.
பழைய படிவங்களை எறிய வேண்டாம்,
கடதாசிக்குத் தட்டுப்பாடு.
'முடிக்குரிய' என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையால் வெட்டி
மேலே 'அரச' என்று எழுதி
ஓரத்தில் சுருக்கொப்பம் இடுக.

வவுனியாக் கச்சேரி, காணிக் கிளை.
ஆயிரத்து நூற்றி நாற்பது படிவங்கள்.
எண்ணினேன். எண்ணுவதற்குத்தான் சம்பளம்.

அந்தக் கிழமை கடைகள் அரைக் கதவு.
சந்தியில் ஒரு கறுப்புக்கொடி.
யார் கட்டியது என்று எனக்குத் தெரியும்,
பொலிசுக்கும் தெரியும்.
வைகாசி வெயிலில் இரண்டே நாளில்
அது சாம்பல் நிறமாகிவிட்டது.

காலை பத்துக்கு எங்களை வரிசையில் நிறுத்தினார்கள்.
எழுதித் தந்ததை வாசித்து
நானும் புதிய நாட்டுக்கு விசுவாசமானேன்.
இடப்பக்கம் நின்ற நமசிவாயம்
உதட்டை மட்டும் அசைத்தார்.
வலப்பக்கம் நின்றவர்
என்னைப் பற்றியும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

விஷயம் இவ்வளவுதான்: கடலுக்கு அப்பால் ஒரு மகாராணி,
எங்கள் பாலைமரம் ஒன்றையும் கண்டிராதவள்.
கனகராயன்குளத்துக்குக் கிழக்கே
வீரையும் முதிரையும் உலுவிந்தையும்
கரடி தோண்டிய கறையான் புற்றும்
அவளுடையதாக இருந்தன
திங்கட்கிழமை மதியம் வரை.
சுபநேரம் பார்த்து மாற்றினார்களாம்.
வானொலியில் மேளம் கேட்டது.
கரடிக்கு யாரும் அறிவிக்கவில்லை.

பதினொன்றரைக்கு இருளாயி வந்தாள்.
மலையில் தேயிலை, ஐம்பத்தெட்டில் தீ,
பிறகு இங்கே காடு வெட்டி இரண்டு ஏக்கர்,
உழுந்து, கொஞ்சம் சோளம்.
கையில் எங்கள் கடிதம், எட்டாய் மடித்து, வியர்வையில் மெலிந்து:
'முடிக்குரிய காணியில் அத்துமீறிக் குடியிருப்பதால்
முப்பது நாளுக்குள்...'

"அந்தம்மா போயிட்டாங்கன்னு ரேடியாவுல சொன்னாங்களே,
இல்லாதவங்க காணியில
நான் எப்படிங்க அத்துமீறுவேன்?"

சட்டம் படித்தவர்களுக்கும் இந்த ஐயம் வந்திருக்க வேண்டும்,
முன்கூட்டியே ஒரு பிரிவு எழுதிவைத்திருந்தார்கள்.
முடியிடம் இருந்ததெல்லாம் இனிக் குடியரசிடம்:
காடு, குளம், கடன், வழக்கு,
இருளாயியின் முப்பது நாள்.

அந்த முப்பதை எங்கிருந்து எண்ணுவது என்று
உள்ளே போய்க் கேட்டேன்.
"பழைய திகதியில இருந்துதான்" என்றார் நவரெத்தினராசா,
தலையை நிமிர்த்தாமல்.
"நாடு மாறினா நாள்காட்டி மாறுமே?"

கடிதத்தை வாங்கினேன். வெட்டினேன். எழுதினேன்.
சுருக்கொப்பமும் இட்டேன்.
அவளுக்கு எழுத்துத் தெரியாது,
வாசித்துக் காட்டினேன்: அரச காணி.

"அரசன்னா ராசா தானுங்களே?"

இல்லை, என்றேன். இது குடியரசு.
குடி என்றால் நாங்கள், சனங்கள்.
சொல்லும்போதே கண்ணில் பட்டது
பைலில் கிடந்த அவளுடைய பழைய விண்ணப்பம்,
மேல் மூலையில் என் கையெழுத்து:
குடியுரிமை, இல்லை.
அத்துமீறிக் குடியிருப்பதால் என்ற வரியில் இருந்த குடியை
எந்தச் சுற்றறிக்கையும் வெட்டச் சொல்லவில்லை.

நான் சொன்னதை அவள் கேட்கவில்லை.
கதிரை நுனியில் இருந்து காலைத் தூக்கி
இக்கிரி முள் ஏறிய குதியைப் பார்த்தாள்.
கடிதத்தில் இருந்த குண்டூசியைக் கழற்றி
நாக்கைக் கடித்துக்கொண்டு, மெல்ல,
எடுத்துவிட்டாள்.
ஊசியைச் சேலையில் துடைத்து
முந்தானையிலேயே குத்திக்கொண்டாள்.

அது அரச ஊசி, அம்மா,
என்று சொல்ல வாய் வந்தது.

படிவங்கள் மாரி வரை நின்றன.
ஓடு ஒழுகி ஒரு கட்டு நனைந்தது.
விரித்துக் காயப்போட்டேன்.
சிவப்பு கரைந்து போயிருந்தது,
அச்சு மை கரையவில்லை.
முடிக்குரிய, முடிக்குரிய, முடிக்குரிய.
இன்னொரு போத்தல் சிவப்பு மை கேட்டு
கொழும்புக்கு எழுதினேன்.